எது ஊற்றினாலும் எரியும் ஸ்டவ்

கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. வேலூரில் பட்டாளத்துப் பழைய சாமான்களை விற்கும் கடை ஒன்றுக்கு என் கணவர் என்னை அழைத்துப் போனார். புதுப் பெண்டாட்டியைச் சினிமாவுக்குக் கூட்டிப் போவார்கள், புடவைக் கடைக்குக் கூட்டிப் போவார்கள். இவர் ஸ்டவ் வாங்கக் கூட்டிப் போனார். அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பயம்தான் இருந்தது. ஸ்டவ் என்ற சொல்லைக் கேட்டாலே அப்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மா மகள், எனக்கு இரண்டு வயது மூத்தவள், கல்யாணமான எட்டாம் மாதம் செத்துப்போனாள். ஸ்டவ் வெடித்துவிட்டது, உடனே வரவும் என்று தந்தி வந்தது. நானும் போயிருந்தேன். பகல் பதினோரு மணிக்கு, வீட்டில் நாலு பேர் இருக்கும்போது நடந்ததாம். ஒருவர் காதிலும் சத்தம் விழவில்லையாம். கை கழுவப் போகிற சாக்கில் சமையல்கட்டுக்குள் நுழைந்தேன். மேடைக்குக் கீழே அந்தப் பித்தளை ஸ்டவ் நின்றுகொண்டிருந்தது. ஒரு நசுங்கல் இல்லை, ஒரு விரிசல் இல்லை. யாரோ புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்கள். வெடித்த ஸ்டவ் எப்படி முழுசாக நிற்கும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. எங்கள் மனிதர்கள் யாருமே கேட்கவில்லை. அந்த வருஷங்களில் பேப்பரைப் பிரித்தால் ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு என்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும். ஆண்பிள்ளை ஒருவன் ஸ்டவ் வெடித்துச் செத்ததாக நான் படித்ததே இல்லை.

எனக்கு வாய்த்த மாமியார் வீடு கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். போன முதல் வாரமே, எங்கள் வீட்டில் சீராகக் கொடுத்த எவர்சில்வர் குடத்தை என் மாமியார் விரலால் சுண்டிப் பார்த்தார். "இன்னாடி இது, தகரம் கணக்கா கீது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு அது மறுநிமிஷமே மறந்தும் போயிருக்கும். எனக்கு அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

ஆகவே என் கணவருக்கு ஜவ்வாது மலையில் ஆறு மாத வேலை என்று தெரிந்ததும், நானும் வருகிறேன் என்று ஒரே பிடியாக நின்றேன். ரோடு போடுவதற்கு முன்னால் அளவெடுக்கும் கோஷ்டியில் அவர் இருந்தார். புதூர்நாட்டிலிருந்து நெல்லிவாசல்நாடு வரை, ஊர் ஊராகக் குடி மாற்றிக்கொண்டே போக வேண்டும். புருஷன்மேல் ஆசையில் வருகிறாள் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். சமையல்கட்டிலிருந்து தப்பிக்க வருகிறேன் என்று யாரிடம் சொல்வது? மலைக்குப் போனால் ஸ்டவ் இருக்காது, மூன்று கல்லும் விறகும்தான் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் இவர் மண்ணைப் போட்டார்.

கடைக்காரர் பட்டாளத்திலிருந்து வந்தவர். பலகைமேல் மூன்று ஸ்டவ்களை எடுத்து வைத்தார். ஒன்று திரி ஸ்டவ். இரண்டாவது பித்தளை பம்ப் ஸ்டவ். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாவது, பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு சின்னத் தகரப் பெட்டி. மூடியைத் திறந்து இழுத்தால் டாங்க், பர்னர், பம்ப் எல்லாம் வெளியே வந்து நின்றன. மடக்கினால் மறுபடி பெட்டி. என் கணவர் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். முப்பது வயது மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் முதல்முறையாகப் பார்த்தது அங்கேதான். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அது இல்லை.

"கிருஷ்ணாயில் ஊத்துங்க, எரியும். பெட்ரோல் ஊத்துங்க, எரியும். ரெண்டும் கெடைக்கலன்னா டீசலு. பொகையும், ஆனா எரியும். எது ஊத்தினாலும் எரியும் சார்" என்றார் கடைக்காரர்.

பிறகு பர்னரில் மாட்டும் இரண்டு குட்டி நிப்பிள்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது கிருஷ்ணாயிலுக்கு, இது பெட்ரோலுக்கு. மாத்திப் போடக் கூடாது. பெட்ரோல்னா பம்ப்பு ரெண்டு மூணு அடி போதும். சூடு பண்ற பள்ளத்துல நாலே சொட்டு. கிருஷ்ணாயில்னு நெனச்சி ரொம்ப ஊத்திப் பத்த வெச்சீங்கன்னா அப்புறம் மூஞ்சி இருக்காது."

அவர் இதை என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். இவர் காதில் வாங்கினாரோ இல்லையோ, நான் ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டேன்.

"திரி ஸ்டவ்வே போதுங்க" என்றேன். என் கணவர் சிரித்தார். "ஜீப்புல குலுங்கிப் போறப்ப எண்ணெ பூரா மூட்டைமேல ஊத்திக்கும். மேல கிருஷ்ணாயிலு எப்ப வரும், எப்ப வராதுன்னு யாருக்கும் தெரியாது. ஜீப்பு நம்மகூடவேதான் இருக்கும், அதுல பெட்ரோலும் இருக்கும். யோசிச்சுப் பாரு." யோசித்துத்தான் பார்த்தேன். அவர் சொன்னதெல்லாம் நியாயமாகவே இருந்தது. அதனால்தான் இன்னும் அதிகமாகப் பயந்தேன். திரி ஸ்டவ் போதும் என்று இன்னும் இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது கடைக்காரர் பச்சைப் பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மலையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மண்சுவர் வீடு, புல் வேய்ந்த கூரை. அளவுச் சங்கிலி பிடிக்க வந்துகொண்டிருந்த மலைக்காரர் ஒருவர், சாமை மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தன் வீட்டிலேயே பாதியை எங்களுக்குக் கொடுத்தார். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதி எனக்குப் புரியாது, நான் பேசினால் பாதி அவருக்குப் புரியாது. இரண்டு பேரும் தலையாட்டிக்கொள்வோம்.

நான் வாசலுக்கு வெளியே, கூரை ஓரத்துக்குக் கீழே மூன்று கல்லை வைத்துக்கொண்டேன். ஐப்பசி மழை. விறகு நனைந்து, ஊதி ஊதி என் கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது. "உள்ள ஸ்டவ்வு சும்மா கெடக்குது, இவ வெளிய பொகையில சாவறா" என்று என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். விறகில் வெந்தால்தான் ருசி என்று நான் சாதிப்பேன். டீக்கு மட்டும் அவரே ஸ்டவ்வை எடுப்பார். ஒவ்வொரு முறையும் "நீ தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழிப்பார். ஒருநாள், "நீயும் ஒருவாட்டி பத்த வெச்சிக் கத்துக்க. நான் இல்லாத நேரத்துல வேணுமில்ல?" என்றார்.

நான் இல்லாத நேரத்தில். இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் செத்துப் பிழைத்தேன். எதற்காக நான் தனியாகப் பற்ற வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்? அவர் அம்மாவுக்கு எழுதிய கார்டை எடுத்து ஒளித்து வைத்துப் படித்தேன். ஸ்டவ் நன்றாக எரிகிறது என்று ஒரு வரி இருந்தது. சாதாரணமாக மகன் அம்மாவுக்கு எழுதுகிற வரிதான். எனக்கு அது வேறு மாதிரிப் படித்தது. சந்தேகம் ஒருமுறை மனசில் உட்கார்ந்துவிட்டால் உப்பு, புளி எல்லாம் சாட்சி சொல்ல வந்துவிடும். அவர் என்னை ஒருநாள் அதட்டியதில்லை, கை ஓங்கியதில்லை. அதையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டேன். செத்துப்போன என் அக்காவின் புருஷனும் தங்கமான பிள்ளை என்றுதான் பெயர் எடுத்திருந்தான்.

அந்தச் சமயத்தில் கிருஷ்ணாயில் தீர்ந்துபோயிற்று. மலைக்காரரிடம் டின்னைக் கொடுத்து, புதூர்நாட்டுக் கடையில் வாங்கிவரச் சொல்லிவிட்டு இவர் வேலைக்குப் போனார். மத்தியானம் மலைக்காரர் டின்னோடு வந்தார். மழைக்குத் தலையில் மாட்டியிருந்த கோணிச் சாக்கை வாசற்படியில் போட்டார்.

"கடைல இல்லீங்கம்மா. வண்டி எண்ணெதான் கெடச்சிது" என்றார்.

நான் தலையாட்டி டின்னை வாங்கிக்கொண்டேன். இங்கேதான் விஷயம். நான் பிறந்தது ஆரணிப் பக்கம். எங்கள் தெருவில் கிருஷ்ணாயில் இரண்டு வழியில் வரும். ரேஷன் கடையில் வாங்கினால் கடை எண்ணெய். இரும்புப் பீப்பாயை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு மணி அடித்துக்கொண்டு வருகிறவரிடம் வாங்கினால் வண்டி எண்ணெய். இரண்டும் ஒன்றுதான். கடையில் இல்லை, வண்டி எண்ணெய் என்றதும் எனக்குப் பரம திருப்தி. அந்த மலையில் மாட்டுவண்டி எப்படி ஏறும் என்று என் மூளைக்கு உறைக்கவே இல்லை. மலைக்காரருக்கு வண்டி என்றால் ஒன்றே ஒன்றுதான், ஜீப். கிருஷ்ணாயில் இல்லாமல் அவர் தயங்கி நின்றபோது, அந்த ஸ்டவ் எதிலும் எரியும் என்று ஜீப் டிரைவர்தான் டின்னில் பெட்ரோலை வடித்துக் கொடுத்திருக்கிறார். மூடி இறுக்கமாக இருந்தது. நானும் அதைத் திறக்கவில்லை. தொடவே பயந்து ஒரு மூலையில் வைத்தேன்.

மூன்று மணி இருக்கும், இவர் தொப்பலாக நனைந்து வந்தார். இரண்டு நாளாகவே கடுமையான சளி. மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"கிருஷ்ணாயில் வந்துடுச்சுங்க" என்றேன். வண்டி எண்ணெய் என்று சொல்லியிருந்தால்கூட அவர் நின்று கேட்டிருப்பார், மலைக்காரரோடு பழகியவர். நான்தான் அதைக் கிருஷ்ணாயில் ஆக்கிச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. சுடுதண்ணி போட்டு ஆவி புடிக்கறேன்" என்று ஸ்டவ்வைத் திறந்து வைத்தார். டின் மூடியைத் திருகித் திறந்து டாங்கில் ஊற்றினார். நான் வழக்கம்போல வாசலுக்கு அருகே தள்ளி நின்றிருந்தேன்.

எனக்கு வாசனை வந்தது.

பெட்ரோல் வாசனைக்கும் கிருஷ்ணாயில் வாசனைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். மூக்கில் சுர்ரென்று ஏறியது. அந்த நிமிஷம் நான் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். யாரோ தவறாக ஊற்றிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. டின்னைக் கொடுத்து அனுப்பியது இவர்தானே என்று நினைத்தேன். என் நாள் வந்துவிட்டது, இப்போது இவர் என்னைக் கூப்பிடப் போகிறார், வா, நீயே பற்ற வை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

சரி, சொல்லட்டும், பார்த்துவிடலாம் என்று இருந்தது. சொன்னால் ஓடிவிட வேண்டும். சாமைக் கொல்லை வழியாக இறங்கி, கால் போன போக்கில் அப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டும். எத்தனை மாதமாகச் சுமந்த பயம் அது! உண்மையா, பொய்யா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். ஆகவே வாயைத் திறக்காமல் நின்றேன்.

அவர் பம்ப் அடித்தார். மூன்று அடி இல்லை, பதினைந்து அடி இருக்கும். பிறகு பர்னருக்குக் கீழே இருந்த பள்ளத்தில் டின்னிலிருந்தே ஊற்றினார். வழிந்து தரையெல்லாம் ஓடியது. டின்னைத் தள்ளி வைத்துவிட்டு, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். இதோ கூப்பிடப் போகிறார் என்று ஒரு காலை வாசற்படியில் வைத்தேன்.

"நீ தள்ளி நில்லு" என்றார்.

முதல் குச்சி நமுத்திருந்தது, பற்றவில்லை. இரண்டாவது உடைந்தது. அதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கொல்ல நினைக்கிறவன் தானே குச்சியைக் கிழிப்பானா? நான் வைத்த பரீட்சையில் அவர் தேறிவிட்டார். தேறியவனுக்கு என்ன பரிசு என்று நான் அதுவரை யோசிக்கவே இல்லை. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. அவர் மூன்றாவது குச்சியைக் கிழித்தார்.

வெடிக்கவெல்லாம் இல்லை. புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆளுயரத்துக்கு நெருப்பு எழுந்தது. அவர் இரண்டு கையும் எரிவதை நான் பார்த்தேன். காலால் ஸ்டவ்வை வாசலுக்கு வெளியே எத்தித் தள்ளினார். அது உருண்டு போய் மழையில் விழுந்து எரிந்தது; மண் தரையில் சிந்தியிருந்தது தானே எரிந்து அணைந்தது. வாசற்படியில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து அவர் கைகள்மேல் போட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. ஊரே கூடும்படி கத்தினேன். அவருக்குப் புருவம் இல்லை, முன்தலை முடி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உன்மேல பட்டுச்சா?" என்று கேட்டார்.

மலைக்காரர் ஓடி வந்தார். "வண்டி எண்ணெய்ன்னு சொன்னனே எம்மா, வண்டி எண்ணெய்ன்னு சொன்னனே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த மனிதர் அழுததை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. தப்பு அவருடையது இல்லை என்று அங்கேயே எல்லோரிடமும் சொன்னேன். சொல்லைப் புரிந்துகொள்ளாதது நான்தான் என்றேன். அந்த அளவுக்கு யோக்கியம் எனக்கு இருந்தது. மீதியைச் சொல்லவில்லை.

ஜீப்பில் மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வலியில் முனகுவார், பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏன் இப்படி நடுங்கறே? ஒண்ணும் ஆவாது" என்பார். பொழுது சாய்வதற்குள் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

டாக்டர் பெரியவர், நிதானமானவர். காயத்தைக் கழுவி மருந்து போட்ட பிறகு, கேஸ் எழுத நோட்டை எடுத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. பேஷண்ட்டைத் தனியாத்தான் விசாரிக்கணும்" என்றார்.

தீக்காயத்தோடு பெண்கள் வந்தால் புருஷனை வெளியே அனுப்பிவிட்டு விசாரிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று வெளியே அனுப்பப்பட்டவள் நான். கதவுக்குப் பதில் பச்சைத் துணித் திரைதான் தொங்கியது. அதற்கு இந்தப் பக்கம், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். மலைமேல் பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அவர் திரும்பிப் பார்த்தாரே, நான் வாயைத் திறந்தபடி நின்றதைக் கவனித்திருப்பாரா? வாசனை எனக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது யோசித்துக்கொண்டிருப்பாரா?

"எப்படி ஆச்சு?"

"சளி சார். எனக்கு வாசனையே தெரியல. பெட்ரோல்னு தெரியாம ஊத்திட்டேன்."

"வேற யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"யார் மேல சார்?"

"உங்க சம்சாரம் பக்கத்துலதான் இருந்திருக்காங்க. அவங்களுக்குச் சளி இல்லையே."

நான் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் சிரிப்பது கேட்டது, அந்த வலியிலும்.

"தெரிஞ்சிருந்தா வுட்ருப்பாளா சார்?" என்றார்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் முழுசாக மடங்காது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் விரலைப் பற்றிக் கேட்டால் வண்டி எண்ணெய்க் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். "எனக்குச் சளி, இவளுக்கும் தெரியல" என்று முடிப்பார். ஒவ்வொரு முறையும் நான் காப்பி கொண்டுவர உள்ளே போய்விடுவேன்.

அவருக்கு இப்போது கண்ணில் புரை. எழுத்து தெரிவதில்லை. நான் எதை எழுதினாலும் நானே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, எழுதியாயிற்றா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.